பக்கவாட்டுக் காற்று

கணினியின் வேகத்தைக் கூட்டுவதென்று என் மனைவி முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை காலை, துணி காயப்போடும்போது. அவள் இப்போது இல்லை. அன்று பேசியதையெல்லாம் நினைவிலிருந்துதான் எழுதுகிறேன்; சொற்கள் சற்று முன்பின் இருக்கலாம்.

இன்னும் கட்டாத வீடுகளை அவள் திரையில் கட்டிக் காட்டுவாள். வாசலில் நுழைந்து, அறை அறையாக நடந்து, மாடி வரை போய்வருவதுபோல ஒரு சிறு படம். ஒரு கட்டட இன்ஜினியர் முதல்முறையாக வேலை கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை வீடு வாங்குகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். தவறினால் பழைய ஆளிடமே போய்விடுவதாக முன்கூட்டியே சொல்லியும்விட்டார். எங்கள் கணினி போகிற போக்கில் படம் முடியச் சனிக்கிழமை ஆகிவிடும்.

கணினியின் மூளையான ப்ராசஸரை அதன் அளவுக்கு மேலே ஓட்டலாம். அது உட்கார்ந்திருக்கும் மதர்போர்டுதான் மலிவானது. கூட்டுவதற்கு இடம் கொடுக்கும். தாங்குமா என்று சொல்லாது. அது எரிந்தால் இந்தப் படமும் போச்சு, வீட்டிலிருந்தே செய்கிற அவள் தொழிலும் போச்சு.

மதியம் அவள் அண்ணன் வந்தார். கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறவர். ஒருமுறை கடையில் ஒரு போர்டைப் புகைய வைத்ததிலிருந்து அவர் மனைவி உட்பட எல்லாருக்கும் அவர் 'புகை'. கையில் ப்ராசஸரைக் குளிர்விக்கிற உயரமான ஒரு கூலர்.

"பழைய ஃபேன் பொடிசு பாப்பா. இதப் போடு. சும்மா ஜில்லுன்னு இருக்கும்."

"நீ தொட்டதெல்லாம் முதல்ல ஜில்லுன்னுதாண்ணே இருக்கும். அப்புறம்தான் வாடை வரும்."

"மாப்ள, கேட்டீங்களா உங்க வீட்டம்மா பேச்ச?"

"நான் அச்சகத்துல கமா பாக்கறவன் மச்சான். எனக்கு ஏன் ஊர் வம்பு?"

கூலர் மாறியது. வேகத்தை அவள் உப்புப் போடுவதுபோலத்தான் கூட்டினாள். ஒரு சிட்டிகை, கொஞ்ச நேரம் ஓட்டம், வெப்பம் பார்த்தல், பிறகு இன்னொரு சிட்டிகை. வோல்டேஜைக் கணினியின் விருப்பத்துக்கு விடவில்லை. "அது பாட்டுக்கு அள்ளிக் குடுத்துடும்" என்று கையாலேயே ஓர் அளவு வைத்தாள். எல்லாச் சோதனையும் தேறியது. படத்தை ஓடவிட்டாள்.

அரை மணி நேரத்தில் வேகம் பொத்தென்று விழுந்தது. எழுந்தது, மறுபடி விழுந்தது. கூட்டுவதற்கு முன் இருந்ததைவிடவும் மெதுவாக நகர்ந்தது படம். திரையில் ப்ராசஸரின் வெப்பமோ நல்ல பிள்ளையாகக் கீழேயே இருந்தது.

"வோல்டேஜ் பத்தல. இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றார் புகை.

அவள் பெட்டியின் பக்க மூடியைத் திறந்து, ப்ராசஸருக்கு அருகே வரிசையாக இருந்த சின்னக் கறுப்புச் சில்லுகளின்மேல், படாமல், உள்ளங்கையைக் காட்டினாள். உடனே இழுத்துக்கொண்டாள்.

"இங்க அனலடிக்குது. ப்ராசஸருக்குக் கரண்ட் பிரிச்சுக் குடுக்கறது இதுங்கதான். விலை கொறைஞ்ச போர்டு, இதுங்க தலையில ஒரு தகடு கூட இல்ல."

"அது எப்பவும் சுடத்தாம்மா செய்யும்."

"பழைய ஃபேன் மேலேருந்து கீழ ஊதுச்சுண்ணே. இதுங்களுக்கும் காத்து விழுந்துச்சு. உன் கோபுரம் பக்கவாட்டுல ஊதுது. அந்த வீடு குளுகுளுன்னு இருக்கு, பக்கத்து வீடு எரியுது. அதான் போர்டு தன்னக் காப்பாத்திக்க வேகத்தக் கொறைக்குது."

புகை குனிந்து பார்த்தார். "அட ஆமா" என்றார்.

பொடி ஃபேனை மறுபடி பொருத்தினாள். வேகத்தையும் வோல்டேஜையும் இறக்கினாள். கூட்டியதில் பாதிகூட மிஞ்சவில்லை. இம்முறை சோதனையை நெடுநேரம் ஓடவிட்டாள். வேகம் விழவில்லை. கணக்குப் பார்த்தால் படம் வெள்ளி மதியம்தான் முடியும்.

"ஒரு சிட்டிகை ஏத்தினா காலைல முடிஞ்சிடாதா?" என்று கேட்டேன்.

"முடியும். போர்டும் முடிஞ்சிடலாம்" என்றாள். பிறகு மாடி அறைகளைப் படத்திலிருந்து எடுத்துவிட்டாள். இப்போது படம் வாசலில் தொடங்கி, கீழ்த்தளம் முழுக்கச் சுற்றி, மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றது. வெள்ளி விடிந்தபோது தயாராக இருந்தது.

பதினொரு மணிக்கு இன்ஜினியர் அழைத்தார். அவள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, மாடி எங்க? பாதியில நிக்குது?"

"நேரத்துக்கு அவ்வளவுதான் வந்துச்சு சார். கீழ மட்டுமாவது ஒழுங்கா இருக்கட்டும்னு விட்டேன்."

அவருக்குப் பின்னால் யாரோ ஏதோ கேட்கும் குரல்.

"இவங்க மேலயும் பாக்கணுங்கறாங்க. திங்கக்கிழமை குடுத்துடுவியா?"

அவள் கணினியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"திங்கள் முடியாது சார். மொத்தப் படத்தையும் பழைய வேகத்துலயே திரும்ப ஓட்டணும். செவ்வாய்."

"செவ்வாய்னா செவ்வாய்" என்றார் அவர். "வேற ஆள்கிட்ட போகல. நீயே முடி."

ஃபோனை வைத்துவிட்டு, எடுத்து வைத்த மாடி அறைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்த உட்கார்ந்தாள்.