செக்ரோலில் இல்லாத பேர்

விஜிதாவுக்குப் பதினெட்டு வயது நிறைந்தபோது கங்காணி வீரய்யா, "பாப்பா பேரைப் பதிஞ்சிருவமா?" என்று கேட்டார்.

"வேணாங்க. எம் புள்ள பேரு செக்ரோல்ல ஏறக்கூடாது" என்றார் சின்னராசா.

அது கருப்பம்மா சாகக் கிடந்தபோது புருஷனிடம் வாங்கிய சத்தியம். இருபத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் அவள். தோட்டத்து ஆட்களின் பேரெழுதும் அந்தக் கொப்பியில் மகள் பேர் வரக்கூடாது என்பதைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை.

மகள் பல்கலைக்கழகம் போனாள். தோட்டத்து மேற்பிரிவின் லய வீடுகளிலிருந்து போன முதல் ஆள். இரண்டாயிரத்து மூன்றில் பட்டத்தோடு திரும்பினாள். பட்டம் வாங்கியும் வேலையில்லாமல் நிற்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகப் பதுளையில் ஞானேஸ்வரி என்ற யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்திருந்தார். விண்ணப்பம் எழுதப் பழக்குவார். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிபோல உட்கார்ந்து கேள்வி கேட்பார். "நிலத்தைப் பாக்காதை பிள்ளை, என்னைப் பார்" என்று அதட்டுவார். ஆறு மாதத்தில் விஜிதா நிமிர்ந்து பேசினாள்.

லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். கிளாக்கர் செக்ரோலில் பேர் பார்த்துப் பிரிப்பார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டுக் கொடுப்பார். அதனால் விஜிதா தன் விலாசத்தில் எப்போதும் 'மே/பா சின்னராசா' என்று அப்பா பேரையும் சேர்ப்பாள். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதிய அன்று அப்பா பக்கத்தில் இருந்தார்.

"எம் பேரு எதுக்கு பாப்பா? உத்தியோகக் கடுதாசி. பெரட்டுல அத்தன பேரு கேக்க ஒம் பேரக் கூப்புடணும்."

அவள் சிரித்துக்கொண்டே அந்த வரியை விட்டுவிட்டாள்.

ஒன்றரை மாதம் சின்னராசா பெரட்டில் முன்னால் போய் நின்றார்.

"என்னாப்பா, மாப்புள வீட்டுக் கடுதாசியா?" என்றார் வீரய்யா.

"அதவிடப் பெருசுங்க."

ஒரு சனிக்கிழமை மகளோடு அவரும் பதுளைக்குப் போனார். ஞானேஸ்வரி உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நேர்முகத்துக்கு ஏன் பிள்ளை போகேல்லை? நான் கம்பனிக்காரரிட்டைக் கேட்டனான். அனுப்பின கடிதம் திரும்பி வந்திட்டுதாம். இப்ப வேற ஆளை எடுத்திட்டினம்."

சின்னராசா பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு தோட்டத்து ஆபீசுக்குப் போனார். கிளாக்கர் வந்து மூன்று மாதம்தான். அவர் கோபப்படவும் இல்லை.

"சி. விஜிதாவா? செக்ரோல்ல மேலருந்து கீழ பாத்தேன். இல்ல. 'அப்படி ஒருவர் இல்லை'ன்னு எழுதித் திருப்பிட்டேன். லயத்துல எல்லாம் பாப்பா, பாப்பாங்கிறீங்க. எனக்கு எப்புடித் தெரியும்? ஒங்க பேராவது போட்டிருக்கலாமே."

சின்னராசா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து மகளிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு, பரணிலிருந்து அம்மாவின் கொழுந்துக் கூடையை இறக்கித் தூசி தட்டினாள்.

"வேணாம்மா. ஒங்காத்தாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்."

"ஆத்தாவுக்குத் தபால் சமாச்சாரம் தெரியாதுப்பா."

திங்கட்கிழமை பெரட்டில் அவள் பொம்பளைகள் வரிசையில் நின்றாள். வீரய்யா சின்னராசாவைப் பார்த்தார். சின்னராசா கையிலிருந்த, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பான்னு போட்றவா?"

"சி. விஜிதா. முழுசா எழுதிக்குங்க. அடுத்த கடுதாசியாச்சும் வந்து சேரட்டும்."

வீரய்யா எழுதினார். பிறகு, அத்தனை பேரும் கேட்க, அந்தப் பேரைக் கூப்பிட்டார்.