மெர்ல் ஸ்ட்ரோ சுவரோரம் உட்கார்ந்த கூட்டம்

மேசையின் நடுவில் தலைவர் மெர்ல் ஸ்ட்ரோ. அவருக்கு வலப்புறம் கார்டன் ஹாவுக், இடப்புறம் லைல் சோஸ். மாவட்டக் குழு என்பது இந்த மூவர்தான். கதவோரம் தட்டச்சுப் பொறியோடு எழுத்தர் ஆர்டிஸ். பொதுமக்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒரே ஆள், விவசாய அலுவலர் ஜெனெல், மெர்லுடைய மருமகள்.

விவசாய அலுவலகத்துக்கு மாவட்டம் தன் பங்கை ஒதுக்கினால்தான் மாநில அரசு மீதியைத் தரும். ஒதுக்காவிட்டால் தகுதி போய்விடும், அலுவலகத்தை மூட வேண்டியதுதான். இன்றே கடைசி நாள். மூடிவிட்டால் தீவனத்தைச் சோதிக்க ஆளில்லை. வறட்சியில் வாடிய ஓட்ஸ் தட்டையில் நஞ்சேறும்; பார்த்தால் தெரியாது. சென்ற குளிர்காலத்தில் சோதிக்காமல் போட்ட ஒரு பண்ணையில் மாடுகள் வேலியோரம் செத்துக் கால்பரப்பிக் கிடந்தன. மெர்ல்தான் டிராக்டரில் சங்கிலி கட்டி அவற்றை இழுத்துப் போட்டார்.

உறவுக்காரர் பிழைப்பைத் தொடும் தீர்மானம் வந்தால் உறுப்பினர் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துக்கொள்வது அங்கே வழக்கம். வாக்களிக்க மாட்டார், வாயும் திறக்க மாட்டார். மெர்ல் எழுந்தார்.

"அட, உக்காருப்பா," என்றார் லைல். "மருமக சம்பளத்துக்கா ஓட்டு? மாட்டுக்குப் போடு."

"நாளைக்கு நீயே சொல்லுவ, வீட்டுக்கு அள்ளிட்டான்னு. கார்டன் இருக்கான்ல."

ஞாயிறன்று சர்ச் வாசலில் கார்டன் தலையாட்டியிருந்தார். அதை நம்பி மெர்ல் நாற்காலியை இழுத்தார்.

லைல் ஆதரித்தார். கார்டன் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க வடக்கு ரோட்டுக்கு ஜல்லி போட்டு எத்தன வருஷம்? அந்தப் பணத்த அங்க போடுங்க. நான் வேண்டாம்னுதான் சொல்றேன்."

"சர்ச்சுல தலையாட்டினியேடா!" என்றார் லைல்.

"யோசிக்கறேன்னு ஆட்டினேன். ஆம்புலன்ஸ் சேத்துல மாட்டிக்கிட்டப்ப என் பொண்டாட்டி உள்ள கெடந்தா, லைல். உன் பொண்டாட்டி இல்ல."

ஒன்றுக்கு ஒன்று. வாக்கு சமமானால் தீர்மானம் விழும். ஆர்டிஸ் மெர்லைப் பார்த்தாள். மெர்லுடைய கைகள் முழங்காலை இறுக்கின, உடம்பு எழவில்லை. தீர்மானம் தோற்றது என்று அவள் குறித்துக்கொண்டாள்.

மற்ற இருவரும் போனபிறகு ஜெனெல் அருகில் வந்தாள்.

"என் வேலைய விடுங்க மாமா, வேற எங்கயாவது பாத்துக்குவேன். சோதிக்கச் சொல்லி பை பையா ஓட்ஸ் தட்டை வந்து கெடக்கு. நஞ்சு இருக்கா இல்லையான்னு கொண்டாந்தவங்களுக்கு யாரு சொல்றது?"

"நான் ஓட்டுப் போட்டிருந்தா ஊரு என்ன பேசும்?"

"பேசும். பேசிட்டு மாட்டுக்குத் தீனி போடப் போகும்."

மாவட்டம் இவ்வாண்டு தன் பங்கை ஒதுக்கவில்லை, எனவே மாநில உதவி கோரவில்லை என்று ஆர்டிஸ் மாநில அரசுக்குக் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தாள். மெர்ல் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். உறையின் பசையை நாக்கால் நனைத்து, விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். வாசலில் நின்ற தபால்காரர் மற்ற கடிதங்களோடு அதையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.