சுவரோரத்துப் பட்டைச் சில்லுகள்

ஞாயிறு மதியம் ஹெய்டி பதினான்காவது தள்ளுவண்டி பட்டைச் சில்லைத் தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த சரளைத் திடலில் கவிழ்த்தாள். முதுகு விண்ணென்று வலித்தது.

முந்தின நாள் மரூங்கா பாலர் பள்ளியில் பெற்றோர்கள் கூடி வேலை செய்த நாள். வருஷா வருஷம் சன்னல் துடைப்பார்கள், சாஸேஜ் சுடுவார்கள், ஏறி விளையாடும் ஏறுகம்பிக்குக் கீழே புது மரப்பட்டைச் சில்லு கொட்டுவார்கள். குழந்தைகள் விழுந்தால் அடிபடாது. இந்தத் தடவை கோரி தன் மர ஆலையிலிருந்து லாரி நிறையக் கொண்டுவந்துவிட்டான். மிச்சத்தை வீணாக்க மனமில்லாமல் பள்ளிக் கட்டடச் சுவரோரம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். தலைமை ஆசிரியை ஹெய்டி அன்று ஊரில் இல்லை.

அந்தச் சுவருக்கு உட்புறம்தான் செங்கல் அறை. ஊரைவிட்டுப் போகும் ஒரே சாலை காட்டுக்குள் போகிறது. காட்டுத் தீ வந்தால் பதினொரு குழந்தைகளும் அந்த அறையில்தான் இருந்தாக வேண்டும். நாளைக்கு நாற்பத்திரண்டு டிகிரி, வடக்குக் காற்று. தீ அபாய அறிவிப்பு உச்சத்துக்கு ஒரு படி கீழே. உச்சமாக இருந்தால் பள்ளியை மூடிவிடலாம்.

கோரி வண்டியை நிறுத்தி இறங்கினான். பெற்றோர் கமிட்டித் தலைவன். சின்ன வயதில் அவளோடு படித்தவன்.

“என்ன ஹெய்டி, புதையல் தேடுறியா?”

“உன் பட்டையை அள்ளுறேன். ஏறுகம்பிக்குக் கீழ கிடந்ததையும்தான்.”

“ஆறு பேர் முதுகு ஒடியப் பரப்பினது! பிள்ளைங்க விழுந்தா?”

“ஏறுகம்பியச் சங்கிலி போட்டுப் பூட்டியாச்சு.”

“அடுத்த வாரம் ஆளோட வர்றேன். இப்ப வீட்டுக்குப் போ.”

“தீகிட்டயும் அடுத்த வாரம் வரச் சொல்லிடு.”

“ஊர்ல தீப்பிடிச்சா அணைக்கப் போறவன் நான். எனக்கே பாடமா? நிறுத்து. இல்லேன்னா புதன்கிழமை கமிட்டியில உன் வேலையைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்.”

ஹெய்டிக்குச் சண்டை போட வராது. மண்வெட்டியை மட்டும் விடவில்லை.

“தாராளமாப் பேசு. உன் மக டில்லி மத்தியானம் தூங்குற கட்டில் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். இன்னும் இருபது வண்டி இருக்கு. ஓரமா நில்லு.”

அவன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு மலைக்குப் பின்னால் புகை எழும்பியது. குழந்தைகளைச் செங்கல் அறைக்குள் விட்டு, மூன்று தடவை எண்ணினாள். கதவிடுக்கில் ஈரத் துண்டு வைத்தாள். கூரைமேல் இருந்த குளிர்விப்பானை நிறுத்தினாள்.

“வேர்க்குது. ஏன் நிறுத்துன?” என்றாள் டில்லி.

“வெளிய நெருப்புப் பொறி பறக்குது. இந்த மெஷின் அதை உள்ள இழுத்துடும்.”

“நெருப்புக்குப் பசியா?”

“ஆமா. இன்னைக்கு அதுக்குச் சாப்பாடு கிடையாது.”

சன்னல் வழியே பார்த்தாள். கங்குகள் சுவரோரம் வெறும் மண்ணில் விழுந்தன. சிவந்தன, கறுத்தன, அணைந்தன. எதிர்த் திடலில் அவள் கொட்டிய குவியல் குப்பென்று பற்றி ஆளுயரத்துக்கு எரிந்தது.

ஐந்து மணிக்குக் காற்று திசை மாறி, தீ ஊரைவிட்டு விலகியிருந்தது. கோரி கரி அப்பிய மஞ்சள் தீயணைப்புக் கோட்டோடு வந்து டில்லியைத் தூக்கிக்கொண்டான். திடலில் கிடந்த சாம்பலைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான்.

“புதன்கிழமைப் பேச்ச விட்டுடலாம்,” என்றான்.

“ஏன் விடணும்? நான் வருவேன். வாசல் தைலமரம் கூரைமேல சாய்ஞ்சு நிக்குது. தீப்பிடிச்சா கூரையும் போயிடும், வெட்டணும்.”

“ஐயோ, அது ஊரோட மரம் ஹெய்டி. ஊரே உன்மேல பாயும்.”

“பாயட்டும்,” என்றாள். “ரம்பம் உன் ஆலையில இருக்குல்ல?”