தங்கராசா வீட்டுத் தண்ணீர்

விசுவமடுவில் கிணறுகள் வற்றிய ஆவணி மாதத்தில்தான் தங்கராசாவின் இடது குதிக்காலிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியது. நல்ல தெளிந்த தண்ணீர். விடியுமுன் ஒரு பிளாஸ்டிக் கான் நிரம்பிவிட்டது. அதே கிழமை தேங்காய் விலையும் ஏறியதால் ஊர் முதலில் தேங்காயைப் பற்றித்தான் கதைத்தது.

பவுசர் லொறிகள் கொண்டுவந்து கொட்டும் மலக்கசடைக் காயவைப்பது அவருடைய வேலை. கசடு லேசில் தண்ணீரை விடாது. பாத்தியில் கிழமைக்கணக்கில் கிடந்து நாறும். பொறியியலாளர் சுமித்திரா ஒரு வெள்ளைப் பூஞ்சணம் கொண்டுவந்தார். அதன் நூல்கள் கசடை உருண்டை உருண்டையாகக் கட்டி இறுக்க, தண்ணீர் தனியே பிரிந்து ஓடியது. கஞ்சி ஊற்றி அதை வளர்க்கச் சொன்னார். தங்கராசா தன் மத்தியானக் கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அதே கோப்பையோடு அதற்கு வைத்தார். அந்த ஊரில் அவரோடு ஒரு கோப்பையில் சாப்பிட்டது அது ஒன்றுதான். மறுநாளும் அதே கோப்பையில் அவர் குடிக்க, அப்படியே அவருடைய வாயும் அதற்குப் பழகிப்போயிற்று.

அவர் மனைவி சிவலட்சுமிக்கு ஒரு மனக்குறை இருந்தது. மகள் சுரேகா பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு ஊர் வந்தது, வீடியோவுக்கு நின்று சிரித்தது, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போனது. பக்கத்து வீட்டுப் பத்மாசனி விரதம் என்றாள். அவள் கையில் கோழிக்கறி மணத்தது. ஊர் தன் வீட்டில் ஒரு தம்ளர் குடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதே அன்றிலிருந்து சிவலட்சுமியின் ஆசை.

இப்போது முதல் கானோடு வந்தவள் அதே பத்மாசனிதான். "தங்கச்சி, தண்ணி நல்லா வருதாம். கொஞ்சம் தாங்கோவன்." அவளுக்குப் பின்னால் ஊரே வரிசையில் நின்றது.

சுமித்திரா வந்து தங்கராசாவின் முதுகைப் பார்த்தார். தோலுக்கடியில் வெள்ளை நூல்கள் ஓடியிருந்தன. "அக்கா, இண்டைக்கே சுண்ணாம்பு பூசுங்கோ, பூஞ்சணம் செத்துப்போகும். விட்டால் இவரையும் காயவைக்கும்" என்று ஒரு பை சுண்ணாம்பு கொடுத்தார். சிவலட்சுமி அதைக் கரைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது, பத்மாசனி அவர்கள் வீட்டுத் தம்ளரில் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்து இன்னொன்று கேட்டாள்.

சிவலட்சுமிக்குப் பயம்தான். ஆனால் சந்தோசம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மறைத்து என்ன பயன்? சுண்ணாம்பு வாளியைக் குசினியில் அடுப்பு மூலையில் வைத்தாள்.

"குடிக்கட்டும் புள்ள, நாளைக்குப் பூசலாம்" என்றார் தங்கராசா.

நாளை புரட்டாதிவரை நீண்டது. அவர் சிறுத்துச் சிறுத்து உரித்த தேங்காய்மட்டை அளவுக்கு வந்தார். எறும்பு மொய்க்காமலிருக்க அவரைக் குசினிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். மூச்சு எப்போது நின்றதென்று தெரியாது. தண்ணீர் நிற்காததால் யாரும் கேட்கவில்லை. சுரேகா மட்டும் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அவளுக்கு விரதம் என்று சிவலட்சுமி வந்தவர்களுக்குச் சொல்லிவைத்தாள்.

கார்த்திகையில் மழை கொட்டியது. கிணறுகள் நிரம்பின. வரிசை கலைந்தது. ஒருநாள் கத்தரிக்காய் கொடுக்க வந்த பத்மாசனிக்குச் சிவலட்சுமி தம்ளரை நீட்டினாள்.

"இப்பதான் குடிச்சிட்டு வாறன், தங்கச்சி" என்று அவள் வாசலிலேயே நின்றாள்.

சிவலட்சுமி தம்ளரை உள்ளே கொண்டுபோய்க் கவிழ்த்தாள். இறுகிக் கிடந்த சுண்ணாம்பைத் திரும்பக் கரைத்து, பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தாள், அவரைச் சுற்றியும் கவனமாக. சுவரில் இன்னும் தண்ணீர் வருகிறது. கீழே ஒரு வாளி வைத்திருக்கிறாள். பாத்திரம் கழுவ அது போதும்.