சமம் தெரியாத மானி

அறையில் இருந்தவர்கள்: அக்கா, அவள் தம்பி, கூட்டாளி வெல்டர், வாசலில் சாவிக்கொத்தோடு மேற்பார்வையாளர். மேசைமேல் ரோபோ.

இன்றைய ரோபோ போட்டியில் அரையிறுதிக்குப் போனால் அறை இன்னொரு வருஷம் அவர்களுக்கு. இல்லாவிட்டால் இன்றே நாற்காலி போடும் கிடங்கு. மேற்பார்வையாளர் காலையிலேயே நாற்காலிகளை நடையில் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்.

"ஏன் சார், நாங்க தோத்துருவோம்னு அவ்வளவு நம்பிக்கையா?" என்றான் வெல்டர்.

"நாற்காலி மேலதான்ப்பா நம்பிக்கை. வச்ச இடத்துல நிக்கும்."

ரோபோ யாரும் ஓட்டாமல் களத்தின் மறுகோடிக்குப் போய் அங்கிருக்கும் கட்டையைத் தள்ள வேண்டும். எடை கூடிப்போனதால் சக்கரச் சுற்றை எண்ணும் கருவிகளைத் தம்பி கழற்றிப் போட்டிருந்தான். மிஞ்சியது, வேகம் மாறுவதை உணரும் முடுக்கமானி ஒன்று. விரல்நகம் அளவு.

"இடிச்சா சொல்லும், கவுந்தா சொல்லும்டா. எவ்வளவு தூரம் வந்தோம்னு அதுக்குத் தெரியாது. நாமதான் கூட்டிக் கூட்டிக் கண்டுபிடிக்கணும். தப்பும் கூடவே கூடிக்கிட்டுப் போகும்."

"கொஞ்ச தூரம்தானேக்கா. சமாளிச்சுக்கும்."

அக்கா சரியென்று தலையாட்டினாள். கழற்றுவதற்கு வேறொன்றும் இல்லை. களத்தில் ஒலிபெருக்கி முழங்கித் தரையே நடுங்கும் என்பதால், 'சமம் என்றால் இதுதான்' என்று மானிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையை இந்த மேசையிலேயே முடித்தாள்.

களத்தில் ரோபோ மிடுக்காகத்தான் கிளம்பியது. பாதிக் களம்கூடத் தாண்டவில்லை. ஊர் வந்து சேர்ந்ததுபோல நின்று, கையை நீட்டி வெறுங்காற்றைத் தள்ளியது. நேரம் முடியும்வரை தள்ளிக்கொண்டே இருந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அறைக்குத் திரும்பி, தம்பி ரோபோவின் மூடியைக் கழற்றினான். மேசையில் வைத்த திருகாணி தானாக உருண்டு கீழே விழுந்தது. அக்கா குனிந்து பார்த்தாள். மேசையின் குட்டைக் காலுக்கு அவள் மடித்து முட்டுக் கொடுத்திருந்த அட்டையைக் காணோம்.

"இங்க இருந்த அட்டை எங்கடா?"

பேட்டரிக்கு அடியில் கச்சிதமாகச் செருகியிருந்தது.

"ஆடுச்சுன்னு காலையில வச்சேன். குப்பைன்னு நெனச்சேன்க்கா."

சாய்ந்த மேசையைச் சமம் என்று கற்ற மானிக்கு, சமமான தரையில் நிற்பதே முன்னால் பாய்வதாகப் பட்டிருக்கிறது. போகாத தூரத்தையும் போனதாகக் கூட்டிக்கொண்டது.

"அட்டைய எடுக்காம இருந்திருந்தா ஜெயிச்சிருப்போமா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்னிருக்கும்."

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். சக்கரக் கருவிகளைக் கழற்றியதற்குத் தலையாட்டியபோதே அவளுக்குத் தெரிந்த கணக்கு அது.

மேற்பார்வையாளர் நாற்காலியோடு உள்ளே வந்தார். மேசையை ஒரு கையால் ஆட்டிப் பார்த்தார்.

"அந்த அட்டைய இதுக்குக் குடுத்துட்டுப் போம்மா."

அவள் அட்டையை உருவிக் குட்டைக் காலுக்குக் கொடுத்தாள். மேசை ஆடாமல் நின்றது. நாற்காலிகளை அடுக்கவும் கைகொடுத்தாள். தம்பியும் வெல்டரும் ரோபோவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, உள்ளே பேட்டரி லொடலொடத்தது. அவள் கடைசியாக வெளியே வந்தாள். மேற்பார்வையாளர் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.