கெசியாவின் மூன்றாவது கணக்குப் பரீட்சை

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே இங்கிலாந்தின் வில்லன்ஹாலில் இருக்கும் என் பூட்டுத் தொழிற்சாலைக்கு வந்துவிட்டேன். இருப்புக் கொள்ளவில்லை. போட்ட டீயெல்லாம் மேஜைமேல் ஆறிக் கிடந்தது.

"உட்காருங்க முதலாளியம்மா, தரை தேஞ்சுடப் போவுது," என்றான் மேஸ்திரி கிளைவ்.

பத்து மணிக்கு லண்டனிலிருந்து கல்வித்துறை அதிகாரி வருகிறார். பள்ளி முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முதலாளிகள் சார்பில் நான் பேச வேண்டும். அது பெரிதில்லை. எட்டு மணிக்குப் பரீட்சை முடிவு. பயிற்சியில் இருக்கும் கெசியா கணக்கில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் அடுத்த மாதம் இங்கே வேலை கிடையாது. அந்த விதியைப் போட்டவள் நான்தான். 'கணக்குத் தெரியாததுகளை எங்கள் தலையில் கட்டாதீர்கள்' என்று முதலாளிகள் சங்கத்தில் கத்தி, அதை நாட்டுக்கே விதியாக்க வைத்தவளும் நான்தான்.

எட்டு அடித்ததும் கெசியா செல்போனை நீட்டினாள். "மறுபடியும் ஊத்திக்கிச்சு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"மயிரிழை பிசகாம அரத்தால சாவி ராவுறவ, இதுல எப்படிடி கோட்டை விட்டே?"

"சாவி கையில இருக்கு. அங்க வட்டத்துக்குள்ள முக்கோணம்ல இருக்கு! நீங்களே போட்டுப் பாருங்க." பழைய வினாத்தாளை என் முன் வைத்தாள்.

முதல் பக்கம் ஓடியது. ஐந்தாம் பக்கத்தில் திருதிருவென்று விழித்தேன். கிளைவைப் பார்த்தேன்; அவன் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பதினாறு வயதில் பள்ளியை விட்டு அப்பாவின் பட்டறைக்கு வந்தவள் நான். இந்தப் பரீட்சையை எழுதியதே இல்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம், என்மேல்தான்.

அதிகாரி வந்தார். கெசியா செய்த பூட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினார். "பிரமாதம்! இந்த மாதிரிப் பிள்ளைங்கதானே உங்களுக்கு வேணும்?"

"இவ கணக்குல மூணு தடவை ஃபெயில். இப்படிப்பட்டவ வேணாம்னு உங்ககிட்ட எழுதிக் கேட்டதே நாங்கதான். என் கம்பெனி விதியை இப்பவே எடுத்துட்டேன், இவ இங்கேயே இருப்பா. உங்க விதியை எப்போ எடுப்பீங்க?"

அவர் பேனாவை மூடினார். "அதுக்கு ஒரு கமிட்டி போடணும் மேடம். தலைமைக்கு உங்க பேரைத்தான் நினைச்சிருக்கோம்."

கெசியா ராவிக்கொண்டிருந்த சாவியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கமிட்டிக்குக் கணக்குல தேறியிருக்கணுமா சார்?"