கலங்கல் அடைத்த பழனிவேல்

கார்த்திகை மழை விட்டபாடில்லை. படகுத்துறையில் நின்று ஏரியைக் கண்ணால் அளந்தார் பழனிவேல். கரை வழிய இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. கரை உடைந்தால் தண்ணீர் நேரே கீழக்குடிக்குத்தான் போகும். அங்கேதான் மகள் இளவரசி கைக்குழந்தையோடு இருக்கிறாள்.

இந்த வம்பை வீடு தேடிக் கூட்டிவந்தவர் அவரேதான். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிய கலங்கல் என்று ஒன்று உண்டு. அதன்மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் முடிந்து தை பிறந்த பிறகே கல்லிடுக்கில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள், கோடைக்குத் தண்ணீர் நிற்கட்டுமென்று. அடுத்த மழைக்கு முன் பிரித்துவிடுவார்கள். கீரப்பாளையம் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது.

பழனிவேலுக்கும் தெரியும். ஆனால் படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்ததும், கோடையிலும் படகு மிதக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இடுக்கையெல்லாம் சிமென்ட் வைத்தே அடைத்தார். கற்களுக்குக் கலர் அடித்தார். சிதம்பரத்து ஜோடிகள் வந்து அதில் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். கலங்கல் வாய்க்காலைத் தூர்த்து ஊஞ்சல் போட்டார், கேன்டீன் வைத்தார். அந்தக் கரையில் மீன் பிடித்து, மாடு கழுவி, துணி துவைத்து வாழ்ந்த கீழக்குடிக்காரர்களை வேலி போட்டு வெளியே நிறுத்தினார். வேலியை எதிர்த்துச் சண்டைக்கு வந்தவன் சொந்த மருமகன் திருநாவுக்கரசு. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

மகளுக்குப் போன் போட்டார்.

"கொழந்தையத் தூக்கிக்கினு மேட்டுக்கு வந்துடும்மா."

"ஊரே இங்க இருக்குதுப்பா, நான் மட்டும் எப்பிடி வர்றது? கரையில ஊத்து எடுக்குது. அவுரு மணல் மூட்டை அடுக்கப் போயிருக்காரு."

ஊற்றெடுத்த கரை எத்தனை நேரம் தாங்கும்? அடைப்பை உடைத்தால் தண்ணீர் கேன்டீனையும் ஊஞ்சலையும் வாரிக்கொண்டு போகும். மழை விடாதா என்று வானத்தைப் பார்த்தார். அது இன்னும் வலுத்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

சிமென்ட் அசையவில்லை. எந்தக் கான்ட்ராக்ட் வேலையிலும் கலவையில் சிமென்டைக் குறைக்கிற மனிதர், இதில் மட்டும் யோக்கியமாக இருந்து தொலைத்திருக்கிறார்! உள்ளங்கை கிழிந்தது. விட்டெறிந்துவிட்டு ஊற்றெடுத்த இடத்துக்கே ஓடினார்.

"மாப்ள, கலங்கல ஒடைக்கணும். என்னால முடியலப்பா."

மூட்டையும் கையுமாக நின்ற கீழக்குடிக்காரர்கள் அவரை முறைத்தார்கள். திருநாவுக்கரசு காலடியில் கொப்பளித்த தண்ணீரைப் பார்த்தான்.

"ஆளுங்கள அங்க அனுப்பிட்டு, இங்க பிச்சிக்கினா?"

"நீ போ. ஒன் எடத்துல நான் நிக்கிறேன்."

அவன் பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு போனான். பழனிவேல் இடுப்பளவு சேற்றில் இறங்கி மூட்டைகளுக்கு முதுகைக் கொடுத்தார். முதுகுக்குப் பின்னால் கரை மெல்ல நெளிந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ தாயே, போ, என்று மகளை நினைத்து வாய் ஓயாமல் புலம்பினார்.

பொழுது சாயும் நேரத்தில் கலங்கல் பக்கம் பெரிய இரைச்சல் கேட்டது. கேன்டீன் தகரக்கூரை மிதந்துபோவதை அவரும் பார்த்தார். ஏரி கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. பழனிவேல் வெட்கத்தை விட்டு வாய்விட்டு அழுதார்.

திரும்பி வந்த திருநாவுக்கரசு பக்கத்தில் இறங்கி நின்றான்.

"அழுவறதுக்கு அப்பறம் நேரம் இருக்குது மாமா. ஊத்து இன்னும் நிக்கல. இந்தாங்க, மூட்டையப் பிடிங்க."